ஜனவரி பிறந்ததும் இன்ஹேலர் விலை 30இலிருந்து 230 டாலர்: இன்சூரன்ஸ் இருக்கிறதா இல்லையா?

நியூஜெர்சி அப்பா:
நவம்பரில் ஆபீஸில் பிளான் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, சம்பளத்தில் பிடிக்கும் தொகை குறைவு என்று எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு) உள்ள பிளானுக்கு மாறிவிட்டேன். நேற்று பையனுக்கு (7 வயது, ஆஸ்துமா) தினமும் இரண்டு வேளை கொடுக்கும் இன்ஹேலரை வாங்கப் போனால் 230 டாலர் என்கிறார்கள், போன மாதம் வரை 30தான். கார்டை மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னேன், அதே தொகை. இத்தனைக்கும் புளூட்டிகசோன் ஜெனரிக்தான். இந்த மருந்துக்கு கவரேஜே இல்லையா, இல்லை ஃபார்மசியில் பழைய கார்டு விவரம் கிடக்கிறதா? கையில் இருப்பது இன்னும் ஒன்பது நாளைக்குத்தான் வரும்.

ராத்திரி ஷிப்ட்:
மருந்துத் தள்ளுபடி கூப்பன் ஆப்பில் விலை பாருங்க, இன்சூரன்ஸை விடக் குறைவாக வரும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கவுன்டர் பக்கம்:
ஃபார்மசியில் வேலை பார்க்கிறேன். பழைய கார்டாக இருந்தால் கிளெய்ம் (இன்சூரன்ஸுக்கு நாங்கள் அனுப்பும் பில்) திரும்பி வந்திருக்கும், அவர்களே உங்களிடம் புதுக் கார்டு கேட்டிருப்பார்கள். அனேகமாக கிளெய்ம் சரியாகவே போய்விட்டது, ஆனால் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் வருஷத்தில் நீங்களே கட்ட வேண்டிய தொகை) தாண்டவில்லை, அதனால் இன்சூரன்ஸ் பேசி வைத்த விலை முழுவதும் உங்கள் தலையில். எச்.எஸ்.ஏ.வோடு வரும் குடும்ப பிளானுக்கு 2025இல் டிடக்டிபிள் குறைந்தது 3,300 டாலர், ஜனவரியில் நீங்கள் கட்டிய கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய பிளானில் கோபே (ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான சிறு தொகை) மட்டும் கட்டிப் பழகியவர்கள் எல்லோரும் இந்த மாதம் கவுன்டரில் எங்களைத்தான் திட்டுகிறார்கள்!

கூப்பன் விஷயம் பாதிதான் சரி. அதில் வாங்கினால் இன்சூரன்ஸுக்கு கிளெய்மே போகாது, கட்டிய பணம் பொதுவாக டிடக்டிபிள் கணக்கில் ஏறாது. வருஷம் முழுக்க மருந்து வாங்கும் வீட்டுக்கு அது நஷ்டமாகவும் முடியலாம்.

பெனிஃபிட்ஸ் அக்கா:
தம்பி, முதலில் கேட்க வேண்டியது உங்கள் பிளானில் தடுப்பு மருந்துப் பட்டியல் (தடுப்பூசி இல்லை, நோய் முற்றாமல் தடுக்க எடுக்கும் மருந்துகள்) இருக்கிறதா என்றுதான். 2019 ஜூலையில் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) ஒரு அறிவிப்பு விட்டது: ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு (உங்கள் புளூட்டிகசோன் இந்த வகைதான்), சர்க்கரைக்கு இன்சுலின், இதய நோய்க்கு ஸ்டாட்டின் மாதிரி சிலவற்றை, டிடக்டிபிள் தாண்டும் முன்பே பிளான் கொடுக்கலாம், எச்.எஸ்.ஏ. தகுதி போகாது. கவனியுங்கள், "கொடுக்கலாம்"தான், கட்டாயமில்லை. உங்கள் கம்பெனி எதை எடுத்துக்கொண்டது என்பது எச்.ஆரிலேயே பலருக்குத் தெரியாது. கார்டின் பின்னால் மருந்துக்கென்று தனி நம்பர் இருக்கும், அங்கே கேளுங்கள். "கவர் ஆகிறதா" என்று மட்டும் கேட்டால் ஆம் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "டிடக்டிபிளுக்கு முன்னாலேயே கவர் ஆகிறதா, நான் எவ்வளவு கட்ட வேண்டும், இதே வகையில் எந்த இன்ஹேலர் பட்டியலில் இருக்கிறது" என்று மூன்றையும் கேளுங்கள். திணறும்போது இழுக்கும் ஆல்பியூட்டரால் அந்த அறிவிப்பில் இல்லை, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, புளூட்டிகசோனின் ஃபிளோவென்ட் பிராண்டு 2024 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஜெனரிக்கைப் பல பிளான்கள் பட்டியலில் சேர்க்கவே இல்லை. ஜெனரிக் என்றாலே மலிவு என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

நியூஜெர்சி அப்பா:
போனில் நாற்பது நிமிஷம் பாட்டு கேட்டபின் ஆள் கிடைத்தார். அக்கா சொன்னதுதான். தடுப்புப் பட்டியல் இருக்கிறது, ஆனால் இந்த ஜெனரிக் அதில் இல்லை, அதே வகையில் க்யூவார் என்ற இன்ஹேலர் இருக்கிறது, மாதம் 40 டாலர். டாக்டர் ஆபீஸில் சொன்னேன், மாற்றி எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆல்பியூட்டருக்கு முழு விலைதான், சரி, எச்.எஸ்.ஏ. கார்டில் கட்டிக்கொள்கிறேன்.

கவுன்டர் பக்கம்:
க்யூவார் ரெடிஹேலர் என்றால் ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) மாட்டக்கூடாது, குழந்தை வாய் வைத்து இழுத்தால்தான் மருந்து வரும். பழைய பழக்கத்தில் ஸ்பேசரைச் செருகிவிடாதீர்கள். வாங்கும்போது எப்படி இழுப்பது என்று ஃபார்மசிஸ்டிடம் பையனையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

நியூஜெர்சி அப்பா:
இது யாருமே சொல்லவில்லை. சாயங்காலம் அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.