அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில்தான் ஓட வேண்டுமா? இங்கே ஓடினால் ஆகாதா?

செந்தூல் பயிற்றுநர்:
மலேசியாவில் 400 மீட்டர் ஓடும் ஐந்தாம் படிவ, ஆறாம் படிவப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதுகிறேன். 2023இல் ஷெரின் சாம்சன் வல்லபோய் 51.80 விநாடியில் ஓடி, ரபியா அப்துல் சலாம் 1993இல் படைத்த 52.56 என்ற தேசிய சாதனையை முறியடித்தார். அப்போது அவர் மினசோட்டாவில் இருக்கும் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவி, அது என்சிஏஏ என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவுகூட இல்லை, இரண்டாம் பிரிவு. 100 மீட்டரில் 10.09 ஓடிய அஸீம் பாஹ்மியும் அலபாமாவின் ஆபர்னுக்குத்தான் போனார். வாய்ப்பு கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். நம் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் திடல்தடம் (ஓட்டம், தாண்டுதல், எறிதல்) என்பது புறப்பாட நடவடிக்கை மதிப்பெண்ணுக்கு மட்டும்தான்.

கெப்போங் அம்மா:
அண்ணே, மன்னிக்கணும், இதை என்னால் ஏற்க முடியாது. டாக்டர் எம். ஜெகதீசன் மருத்துவப் படிப்பையும் ஓட்டத்தையும் இந்தப் பக்கத்திலேயே ஒன்றாகப் பார்த்தவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100, 200, 4x100 அஞ்சல் என்று மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் ஓடிய 20.92, 2017 வரைக்கும் 200 மீட்டர் தேசிய சாதனையாக நின்றது. அதே பாங்காக்கில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். எந்த அமெரிக்க வளாகம் இவர்களை வளர்த்தது? அப்புறம் ஷெரினின் அப்பா அம்மா இருவருமே முன்னாள் தேசிய ஓட்டக்காரர்கள், அந்த வீட்டில் போட்ட அடித்தளத்தைச் சொல்லாமல் வினோனாவுக்கு மட்டும் மாலை போடுவது நியாயமா?

செந்தூல் பயிற்றுநர்:
ஜெகதீசனை நான் குறைத்துப் பேசவில்லை அக்கா. ஆனால் 20.92ஐத் தாண்ட 49 ஆண்டுகள் ஆனது என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது வயிற்றெரிச்சல். அவருக்குப் பின்னால் அடுத்தவனை உருவாக்க ஏற்பாடு இல்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? ஆபர்னைப் பாருங்கள். ஹார்வி கிளான்ஸ் அங்கே மாணவராக ஓடி 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் அஞ்சல் ஓட்டத் தங்கம் வாங்கினார், பிறகு அதே ஆபர்னுக்குத் தலைமைப் பயிற்றுநராகத் திரும்பி வந்தார். பாரம்பரியம் என்றால் கண்ணாடி அலமாரியில் கிண்ணம் அடுக்குவது இல்லை, ஓடியவர் திரும்பி வந்து அடுத்தவனைத் தயார் செய்வது.

பினாங்கு மிண்டன்காரி:
இருவரும் நட்சத்திரங்களையே பேசுகிறீர்கள். நான் இங்கே பல்கலைக்கழக அணிக்கு 800 மீட்டர் ஓடியவள். எங்களுக்குத் திடல் இருந்தது, திறமையும் இருந்தது, போட்டிதான் இல்லை. மாசும், சுக்கிப்ட் என்று பல்கலைக்கழகங்களுக்கும் உயர்கல்விக் கூடங்களுக்கும் இடையிலான போட்டி ஒன்று வரும், அதற்கு முன் சில வாரம் தேர்வும் முகாமும், முடிந்ததும் ஸ்பைக் காலணியை மூட்டை கட்டி வைத்துவிடுவோம். அங்கே குளிர்காலத்தில் உள்ளரங்கம், வசந்தத்தில் வெளித்திடல், பருவம் முழுக்க வார இறுதிகளில் ஓட்டம். இருபது முறை ஓடுகிறவனுக்கும் இரண்டு முறை ஓடுகிறவனுக்கும் நேரம் எப்படி ஒன்றாக இருக்கும்? மதிப்பெண் குறைந்தால் அணியில் இடமில்லை என்ற விதி அங்கே இருப்பதும் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நம் பெற்றோரின் பயமே படிப்பு கெடும் என்பதுதான்.

கெப்போங் அம்மா:
தங்கச்சி சொல்வதில் பாதி சரி. பணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் பிரிவில் ஒரு திடல்தட அணிக்கு 12.6 முழு உபகாரச் சம்பளம்தான் உச்சவரம்பு, அதைப் பயிற்றுநர் முப்பது பேருக்குக்கூடப் பிரித்துக் கொடுக்கலாம். பல இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். தொடைத் தசை கிழிந்தால் அந்தப் பிள்ளை டாலர் கட்டணத்தோடு தனியாக நிற்கும். எத்தனை வீட்டில் அதைத் தாங்கும் வசதி இருக்கிறது? ஒருவர் இருவர் ஜெயித்ததைக் காட்டி எல்லாரையும் விமானம் ஏறச் சொல்லாதீர்கள்.

செந்தூல் பயிற்றுநர்:
அந்தக் கணக்கு நியாயம். ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது, காயம் பட்டால் என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். ஆனால் நல்ல ஓட்டக்காரனை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னால், இங்கே என்ன கொடுக்கப்போகிறோம்?

பினாங்கு மிண்டன்காரி:
கொடுக்கலாம் அண்ணே, பெரிய செலவும் இல்லை. லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் யுபிஎம், பாங்கியில் யுகேஎம், ஷா ஆலமில் யுஐடிஎம். நான்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தூரம். சனிக்கிழமை காலை மாறி மாறி ஒரு வளாகத்தில் சந்தித்து 100, 400, 800, அஞ்சல் மட்டும் ஓடட்டும். நேரத்தை எழுதி வைத்து, சாதனைப் பலகையைத் திடலுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், முதல் ஆண்டு மாணவன் தினமும் பார்க்கட்டும்.

கெப்போங் அம்மா:
இதற்கு நான் எதிர்ப்பே இல்லை. நேரம் பார்க்க, கொடி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் எம்எஸ்எஸ்எம் என்ற தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். இதை முதலில் செய்து பாருங்கள். அதற்கு முன்னால் என் மகனை மினசோட்டாவுக்கு அனுப்பச் சொன்னால் என் பதில் இல்லை என்பதுதான்.

செந்தூல் பயிற்றுநர்:
என் மாணவி ஒருத்திக்கு அழைப்பு வந்திருக்கிறது, அவள் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். சனிக்கிழமைப் போட்டிக்கு ஆள் சேர்த்தால் ஸ்டாப்வாட்சோடு நானும் வருகிறேன்.