ஞாயிறு தாண்டினால் மெயில் வருவதில்லை: லாக்ரொட்டேட்டா, டவ்காட்டா?

நூல்கண்டு:

வணக்கம். எங்கள் அலுவலக மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் 12 லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் சேர்த்துப் படிக்கத் தரும் டவ்காட் 2.3. எல்லாப் பெட்டிகளும் வீமெயில் என்ற ஒரே யூசரின் கீழ் இருக்கின்றன. முன்பு இருந்தவர் அமைத்துவிட்டுப் போனது.

சில வாரங்களாக ஒரு தொல்லை. சனி ராத்திரி பன்னிரண்டு தாண்டி ஞாயிறு பிறந்ததும், வெளியிலிருந்து வரும் மெயில் ஒன்றுகூடப் பெட்டிக்குப் போவதில்லை. அனுப்புவது நடக்கிறது, ஐமேப்பில் பழைய மெயிலைப் படிக்கவும் முடிகிறது. திங்கள் காலை ஆட்கள் வந்து "மெயிலே வரலையே" என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். மெயில்க்யூ போட்டால் வரிசை அனுமார் வால் மாதிரி நீள்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே, லாக் ஃபைலைத் திறக்க அனுமதியில்லை, மெயில் தள்ளிவைக்கப்பட்டது என்று இதே வரிதான்:

ஸ்டேட்டஸ்=டிஃபர்ட் (டெம்பரரி ஃபெயிலியர். கமாண்ட் அவுட்புட்: கான்ட் ஓப்பன் லாக் ஃபைல் /வார்/லாக்/டவ்காட்-எல்டிஏ.லாக்: பெர்மிஷன் டினைட்)

அந்த ஃபைலுக்கு சிஎச்மாட் 666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்து, வரிசையை மறுபடி அனுப்பச் சொல்லும் போஸ்ட்க்யூ -எஃப் அடித்தால் வரிசை முழுக்கக் கரைந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து. லாக் ஃபைலுக்கு எழுத முடியாவிட்டால் லாக் தானே போக வேண்டும், மெயில் ஏன் நிற்கிறது?

இன்னொன்று, இதற்குத் தொடர்பு உண்டா தெரியவில்லை: டவ்காட்.லாக் ஃபைல் எப்போது பார்த்தாலும் பூஜ்யம் பைட். பிழை எதுவும் இல்லாததால் காலியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சட்டுபுட்டு:

சகோ, எதற்கு இவ்வளவு யோசனை? /வார்/லாக் மொத்தத்துக்கும் 777 கொடுத்துவிடுங்கள். எங்கள் ஆபீஸில் அப்படித்தான் ஓடுகிறது.

கன்சோல் கண்ணம்மா:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அடைவில் லாக்ரொட்டேட் (பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதிது தொடங்கும், அதாவது லாக்கைச் சுழற்றும் கருவி) கை வைக்காது. "பேரன்ட் டைரக்டரி ஹாஸ் இன்செக்யூர் பெர்மிஷன்ஸ்" என்று சொல்லி ஃபைலைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் எந்த லாக்கும் சுழலாது, ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிடும். சட்டுபுட்டு, உங்கள் ஆபீஸில் டிஎஃப் (டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள், ஆச்சரியம் காத்திருக்கும்.

666-ம் நல்லதல்ல. சர்வரில் கணக்குள்ள எவரும் அந்த லாக்கில் பொய் வரி எழுதிவிடலாம். லாக்கைப் பார்த்து ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் அதைப் படிக்கிறது என்றால், எழுதியவர் நினைத்த ஐபியை உங்கள் சர்வரே தடுத்துவிடும்.

நூல்கண்டு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டவ்காட்டின் ஐமேப், லாகின் போன்ற பகுதிகள் நேரடியாக லாக் எழுதுவதில்லை. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) ஓடும் லாக் ப்ராசஸிடம் வரியைக் கொடுக்கின்றன, அது எழுதுகிறது. மெயிலைப் பெட்டியில் போடும் டவ்காட்-எல்டிஏ மட்டும் தனி ஆள். ஒவ்வொரு மெயிலுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் அதை வீமெயில் யூசராகக் கிளப்புகிறது, அது தன் லாக் ஃபைலைத் தானே திறக்க வேண்டும். திறக்க முடியாவிட்டால் தற்காலிகப் பிழை என்று சொல்லி வெளியேறிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும்.

மெயில் தொலையவில்லை என்பது ஆறுதல். ஆனால் இயல்பான அமைப்பில் வரிசையில் 5 நாள்தான் தங்கும், அதற்குப் பிறகு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பொங்கல் மாதிரி நீண்ட விடுமுறை அந்த ஞாயிற்றை ஒட்டி வந்தால் சிக்கல்தான்.

/இடிசி/லாக்ரொட்டேட்.டி/டவ்காட் ஃபைலை இங்கே போடுங்கள். கிரியேட் என்று ஒரு வரி இருக்கும், கேட்காமலே சொல்கிறேன்.

நூல்கண்டு:

அக்கா, இருக்கிறது. அப்படியே போடுகிறேன்:

/வார்/லாக்/டவ்காட்*.லாக் {
  வீக்லி
  ரொட்டேட் 8
  கம்ப்ரெஸ்
  மிஸ்ஸிங்ஓகே
  நாட்இஃப்எம்ப்டி
  கிரியேட் 0640 ரூட் ஆட்ம்
}

இவ்வளவுதான். கீழே வேறு எதுவும் இல்லை.

கன்சோல் கண்ணம்மா:

பார்த்தீர்களா. வாரம் ஒருமுறை பழைய ஃபைலைப் பெயர் மாற்றிவிட்டு, ரூட் பெயரில் 0640 என்று புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. வீமெயில் ஆட்ம் குழுவில் இல்லை. இருந்தாலும் 0640-ல் குழுவுக்குப் படிக்கத்தான் அனுமதி. நீங்கள் கொடுத்த 666 பழைய ஃபைலோடு போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வரியில் வெறும் கிரியேட் என்று மட்டும் இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. மோடும் (அனுமதி எண்) உரிமையாளரும் சொல்லாவிட்டால் பழைய ஃபைலுக்கு இருந்ததையே புதியதற்கும் கொடுத்துவிடும். டெபியனின் /இடிசி/லாக்ரொட்டேட்.கான்ஃப்-ல் அப்படி வெறுமனேதான் இருக்கிறது.

நள்ளிரவுக் கணக்கும் சரியாக வருகிறது. முன்பு க்ரான் என்ற நேர அட்டவணை வழியாகக் காலை 6:25-க்கு ஓடியது, இப்போது சிஸ்டம்டி டைமர் 12 மணியை ஒட்டி ஓட்டுகிறது. வீக்லி என்றால் புதிய வாரத்தின் முதல் ஓட்டத்தில், அதாவது ஞாயிறு பிறந்ததும்.

இப்போதைக்கு அந்த ஃபைலின் உரிமையாளரை வீமெயில் என்று மாற்றுங்கள், மோட் 0640 போதும். பிறகு அமைப்பை இரண்டாகப் பிரியுங்கள்:

/வார்/லாக்/டவ்காட்-எல்டிஏ.லாக் {
  வீக்லி
  ரொட்டேட் 8
  கம்ப்ரெஸ்
  மிஸ்ஸிங்ஓகே
  நாட்இஃப்எம்ப்டி
  கிரியேட் 0640 வீமெயில் ஆட்ம்
}

/வார்/லாக்/டவ்காட்.லாக் {
  வீக்லி
  ரொட்டேட் 8
  கம்ப்ரெஸ்
  டிலேகம்ப்ரெஸ்
  மிஸ்ஸிங்ஓகே
  நாட்இஃப்எம்ப்டி
  கிரியேட் 0640 ரூட் ஆட்ம்
  போஸ்ட்ரொட்டேட்
    டவ்ஆட்ம் லாக் ரீஓப்பன்
  எண்ட்ஸ்கிரிப்ட்
}

எல்டிஏவுக்கு ரீஓப்பன் (லாக்கை மறுபடி திறக்கச் சொல்வது) வேண்டாம், ஒவ்வொரு மெயிலுக்கும் புது ப்ராசஸ், அது புது ஃபைலைத்தான் திறக்கும். டவ்காட்டின் லாக் ப்ராசஸ் அப்படியில்லை. சொல்லும்வரை பழைய ஃபைலைக் கையிலிருந்து விடாது. அந்தப் பூஜ்யம் பைட்டுக்குக் காரணமும் அதுதான். டவ்ஆட்ம் லாக் ரீஓப்பன் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

இராக்கோழி:

நிறுத்துங்க! ரீஓப்பன் இப்போது அடிக்காதீர்கள்.

அவருடைய அமைப்பில் டிலேகம்ப்ரெஸ் (சுருக்குவதை அடுத்த சுழற்சிவரை தள்ளிப்போடுவது) இல்லை. சுழற்றிய கையோடு ஜீஸிப் ஆக்கி, மூல ஃபைலை அழித்தாகிவிட்டது. டவ்காட் இன்னமும் அந்த அழிந்த ஃபைலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. புதியது காலியாக இருப்பதால், நாட்இஃப்எம்ப்டி (காலியென்றால் சுழற்றாதே) காரணமாக அடுத்த வாரங்களில் அது சுழலவும் இல்லை. ஆக, கடைசியாக டவ்காட் ரீஸ்டார்ட் ஆன பிறகு முதல் ஞாயிற்றிலிருந்து இன்றுவரை உள்ள லாகின் லாக் அத்தனையும் பெயரில்லாத ஒரு ஐநோடில் (டிஸ்க்கில் ஃபைலுக்குள்ள பதிவு) கிடக்கிறது. ரீஓப்பன் அடித்த நொடியில் அது போய்விடும்.

முதலில் ரூட்டாக எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடியுங்கள். அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரும். டவ்காட் வரியில் பிஐடியையும் (ப்ராசஸின் எண்), எஃப்டி என்ற பத்தியில் உள்ள எண்ணையும் (திறந்த ஃபைலின் எண்) குறித்துக்கொள்ளுங்கள். பிஐடி 812, எஃப்டி 5 என்று வைத்துக்கொண்டால்:

சிபி /ப்ராக்/812/எஃப்டி/5 /ரூட்/டவ்காட்-மீட்டது.லாக்

பிரதி கைக்கு வந்ததும் ரீஓப்பன். ரீஸ்டார்ட்டும் அதற்கு முன் கூடாது.

கன்சோல் கண்ணம்மா:

சரியாகச் சொன்னீர்கள் இராக்கோழி, அந்த வரிசைதான் முறை. நூல்கண்டு, பார்த்துவிட்டீர்கள்தானே?

நூல்கண்டு:

நல்லவேளை, அடிக்கவில்லை. எல்எஸ்ஓஎஃப் வெளியீட்டில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் டிலீட்டட் என்று காட்டியது. பிரதி எடுத்துத் திறந்தேன், மாதக்கணக்கான லாகின் வரிகள் அப்படியே இருக்கின்றன. டிஎஃப் காட்டும் இடத்துக்கும் டியூ கூட்டிச் சொல்லும் இடத்துக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், அதற்கும் விடை கிடைத்தது.

பிறகு ரீஓப்பன் அடித்தேன். டவ்காட்.லாக்கில் உடனே வரி விழ ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் சோதிக்க வழி உண்டா?

இராக்கோழி:

லாக்ரொட்டேட் -டி என்று ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், எதையும் தொடாது. இலக்கணப் பிழை பார்க்க அது போதும். பழைய நட்சத்திர வரியை எடுத்துவிட்டீர்களா? அது இருக்கும்போதே புதியவற்றைச் சேர்த்தால் "டூப்ளிகேட் லாக் என்ட்ரி" என்று கத்தும். பழைய அமைப்பைப் பிரதி எடுத்து அதே அடைவில் வேறு பெயரில் வைத்தாலும் இதே கதைதான், .பேக் போன்ற சில பின்னொட்டுகள் உள்ளவை தவிர, அடைவில் உள்ள எல்லா ஃபைலையும் அது படிக்கும். பிரதியை வேறெங்காவது வையுங்கள். அமைப்பு ஃபைலில் குழுவுக்கோ மற்றவர்களுக்கோ எழுதும் அனுமதியும் இருக்கக்கூடாது, 0644 போதும்.

-டி சுத்தமாக வந்தால் லாக்ரொட்டேட் -வி -எஃப் /இடிசி/லாக்ரொட்டேட்.டி/டவ்காட் என்று கட்டாயமாகச் சுழற்றுங்கள். உடனே வெளியிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். எல்எஸ் -எல்-ல் அனுமதி சரியாகத் தெரிகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள், மெயில் பெட்டியில் விழ வேண்டும்.

சட்டுபுட்டு:

டிஎஃப் பார்த்தேன். 91 சதவீதம். பேசாமல் போய்ச் சரிசெய்கிறேன்.

ஒரு சந்தேகம், காப்பிட்ரங்கேட் என்று ஒன்று போட்டால் இந்த அனுமதித் தலைவலியே இருக்காதே?

கன்சோல் கண்ணம்மா:

இருக்காதுதான். அதே ஃபைல் இருக்கும், உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்துவிட்டுக் காலி செய்யும். ஆனால் பிரதி எடுத்து முடிப்பதற்கும் காலி செய்வதற்கும் இடையில் விழும் வரிகள் போய்விடும். ரீஓப்பன் செய்யத் தெரியாத மென்பொருளுக்கு வேறு வழியில்லை என்றால் சரி. டவ்காட்டுக்கு அது தெரியும், பிறகு எதற்கு?

பழையசோறு:

தாமதமாக வருகிறேன். இதேபோல் மெயில் நிற்பது ஞாயிறோடு சம்பந்தமில்லாமல், அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் நடப்பதுண்டு. வீமெயில் இல்லாமல் சிஸ்டம் யூசர்களுக்கே மெயில் கொடுக்கும் சர்வரில், மெயில்பாக்ஸ்_கமாண்ட் வழியாக எல்டிஏ ஓடும். அங்கே போஸ்ட்ஃபிக்ஸின் மெயில்பாக்ஸ்_சைஸ்_லிமிட் என்ற அளவு வரம்பு, அந்த ப்ராசஸ் எழுதும் எல்லா ஃபைலுக்கும் பொருந்தும், லாக்குக்கும் சேர்த்து. இயல்பு அளவு 5,12,00,000 பைட். லாக் அதைத் தொட்டதும் மெயில் நின்றுவிடும். லாக்கைச் சுழற்றினால் சரியாகிவிடும், எதனால் சரியானது என்று யாருக்கும் விளங்காது. நூல்கண்டு பைப் வழியாகக் கொடுக்கிறார், அவருக்கு இது வராது. தேடி வருபவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

என்னைக் கேட்டால் எல்டிஏவையே விட்டுவிட்டு எல்எம்டிபிக்கு (போஸ்ட்ஃபிக்ஸ் நேரே டவ்காட்டிடம் மெயிலை ஒப்படைக்கும் முறை) மாறுங்கள். அது டவ்காட்டுக்கு உள்ளேயே ஓடுவது, லாக்கும் பொது லாக் ப்ராசஸ் வழியாகப் போகும். வீமெயிலுக்கு எந்த லாக் ஃபைலிலும் எழுதும் அனுமதி தேவையில்லை. மெயிலுக்கு ஒரு ப்ராசஸ் கிளப்பும் செலவும் மிச்சம்.

நூல்கண்டு:

கட்டாயமாகச் சுழற்றிப் பார்த்தேன். புது எல்டிஏ லாக் வீமெயில் பெயரில் வந்தது, ஜிமெயிலிலிருந்து அனுப்பிய சோதனை மெயிலும் உடனே பெட்டியில் விழுந்தது. எல்லோருக்கும் நன்றி.

பழையசோறு அண்ணா, எல்எம்டிபிக்கு மாறினால் பயனர்கள் போட்டு வைத்திருக்கும், வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் சீவ் விதிகள் என்ன ஆகும்? கணக்குப் பிரிவில் ஆளுக்குப் பத்து விதி வைத்திருக்கிறார்கள், அது உடைந்தால் என்னை உட்காரவிட மாட்டார்கள்.

பழையசோறு:

விதிகள் எங்கும் போகாது. இப்போது ப்ரோட்டோகால் எல்டிஏ பகுதியில் மெயில்_ப்ளகின்ஸ் வரியில் சீவ் என்று இருக்கும். அதே வரியை ப்ரோட்டோகால் எல்எம்டிபி பகுதியிலும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பிழை எதுவும் வராது, எல்லா மெயிலும் அமைதியாக இன்பாக்ஸில் குவியும்.

டவ்காட்-எல்எம்டிபிடி பேக்கேஜைப் போடுங்கள், சாக்கெட்டை /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/ப்ரைவேட் அடைவுக்குள் போஸ்ட்ஃபிக்ஸ் யூசர் பெயரில் 0600 மோடில் திறக்கச் சொல்லுங்கள், பிறகு மெயின்.சிஎஃப்-ல் விர்ச்சுவல்_ட்ரான்ஸ்போர்ட்டை அங்கே திருப்புங்கள். மாஸ்டர்.சிஎஃப்-ல் உள்ள பழைய பைப் வரியை உடனே அழிக்க வேண்டாம். ஏதாவது இடறினால் ஒரே வரியில் திரும்பி வரலாம்.

மாற்றுவதை மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளாதீர்கள்.