ஃபோர்சம்ஸ்: 'நால்வர் ஆட்டம்' சரிவருமா?

வணக்கம். கோல்ஃபின் ரைடர் கோப்பைப் போட்டி பற்றிய கட்டுரைக்கு, ஃபோர்சம்ஸ் என்ற ஆட்ட வகையைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். அதில் மொத்தம் 28 ஆட்டங்கள்: ஃபோர்சம்ஸ் 8, ஃபோர்பால் 8, ஒற்றையர் 12. ஃபோர்பாலுக்கு 'நாற்பந்து' பொருந்துகிறது. அணிக்கு இருவர், ஆளுக்கொரு பந்து, ஒவ்வொரு குழியிலும் இருவரில் குறைந்த அடிகளில் முடித்தவரின் கணக்கே அணிக்கு. ஃபோர்சம்ஸை 'நால்வர் ஆட்டம்' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டிலுமே களத்தில் இருப்பது நால்வர்தானே? போதாக்குறைக்கு, சும்மா சேர்ந்து ஆடப்போகும் நான்கு பேரையும் ஃபோர்சம் என்கிறோம். அணிக்கு ஒரே பந்து, இருவரும் மாறிமாறி அடிப்பது என்பதுதான் இங்கே முக்கியம். 'மாற்றடி' எனலாமா?

---

> 'மாற்றடி' எனலாமா?

வேண்டாம். முதல் அடி சரியில்லை என்று மறுபடி அடிக்கும் மல்லிகன்தான் நினைவுக்கு வரும். 'முறை வைத்து' என்பது நம் பேச்சிலேயே உண்டு, 'முறையடி' என்கிறேன்.

ஃபோர்சம்ஸுக்கான கோல்ஃப் விதி 22இன் சிக்கலெல்லாம் முறையில்தான். ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளில் டீயில் (குழியைத் தொடங்கும் இடத்தில்) முதல் அடி அடித்தால் மற்றவர் இரட்டைப்படையில். முந்தைய குழியில் கடைசியாகப் பட் செய்தவர் (பந்தைக் குழிக்குள் உருட்டியவர்) யார் என்று பார்ப்பதில்லை. தண்டனை அடியும் முறையை மாற்றாது: டீயில் அடித்த பந்து எல்லைக்கு வெளியே போனால், அதே டீயிலிருந்து துணைவர்தான் அடிக்க வேண்டும். அடிக்க வீசிப் பந்தில் படாமல் போனாலும் அது ஓர் அடி, அடுத்தது துணைவருக்கு. ஆள் மாறி அடித்துவிட்டால் மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றி பார்ப்பது) அந்தக் குழி போச்சு. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணுவது) 2 தண்டனை அடிகள். அடுத்த டீயில் அடிப்பதற்குள் திருத்தாவிட்டால் தகுதிநீக்கம். (கடைசிக் குழி என்றால் அட்டையை ஒப்படைக்கும் முன்.)

---

'முறையடி' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கிரீன்சம்ஸும் முறையடிதானே? அங்கே இருவரும் டீ அடிப்பார்கள், ஒரு பந்தைத் தேர்வார்கள், அந்தப் பந்தை அடிக்காதவர் இரண்டாம் அடியை அடிப்பார். அதைத் 'தேர்வு முறையடி' என்று பிரித்தாக வேண்டும். ஹாண்டிகேப் (திறனுக்கேற்பத் தரும் சலுகை அடிகள்) கணக்கே வேறு. ஒருவருக்கு 8, துணைவருக்கு 20 என்று வையுங்கள். ஃபோர்சம்ஸில் கூட்டுத்தொகையில் 50%, அதாவது 14. கிரீன்சம்ஸில் குறைந்ததில் 60%, கூடியதில் 40%: 4.8 + 8 = 12.8, முழுமையாக்கினால் 13. நாற்பந்தில் கூட்டுவதே இல்லை. அவரவர் ஹாண்டிகேப்பில் மேட்ச் பிளே என்றால் 90%, ஸ்ட்ரோக் பிளே என்றால் 85%. பதிவுத்தாளில் 'நால்வர் ஆட்டம்' என்று மட்டும் இருந்தால் கணக்கு எழுதுபவர் எதைப் போடுவார்?

---

தேர்வு முறையடிக்கு என் ஆதரவு. மூன்று பேர் ஆட்டத்துக்கும் இதே வழி. மூவரும் ஆளுக்கொரு பந்தோடு ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் எதிர்த்தால் 'முப்பந்து'. ஒருவர் தனியாக நிற்க, எதிரே இருவர் ஒரே பந்தை மாறிமாறி அடித்தால் 'ஒருவர்–இருவர் முறையடி'. நீளம்தான், ஆனால் அரிதாக ஆடுவது. சேர்ந்து நடக்கும் கூட்டத்துக்கு மட்டும் 'மூவர் குழு', 'நால்வர் குழு'. எல்லோரும் அடித்து, சிறந்த பந்து கிடக்கும் இடத்திலிருந்து மறுபடி எல்லோரும் அடிக்கும் ஸ்கிராம்பிளை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம்.