ஆளை மாற்றிப் பிடித்தால் விசாரணை இப்படித்தான் நடக்குமா?

தறிக்குடோன், பல்லடம் பக்கம்:
ஏனுங்க, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், தறி ஓட்டுகிறார். ஒரு செயின் பறிப்பில் கேமராவில் தெரிந்த பைக் இவருடையது மாதிரியே இருக்கிறது என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். இவர் ஒருவரை மட்டும் போட்டோ பிடித்து, நகையைப் பறிகொடுத்த அம்மாவிடம் செல்போனில் காட்டி “இவன்தானே?” என்று கேட்க, அவரும் “அப்படித்தான் இருக்குது” என்றிருக்கிறார். அப்புறம் ராத்திரி முழுக்க ஒரே கேள்வி, நகை எங்கே. கூட்டாளி ஒத்துக்கொண்டான் என்று பொய் வேறு. “விடியறப்போ ஆமான்னு சொல்லிட்டாப் போதும்னு ஆயிருச்சுடா” என்கிறார் அண்ணன். மறுநாள் விட்டுவிட்டார்கள், ஆனால் திரும்ப வரவேண்டுமாம். என்ன செய்வது?

நொய்யல்கரை:
படிக்கவே வயிறு எரிகிறது. தப்பு அந்தப் போட்டோவிலேயே தொடங்கிவிட்டது. அடையாள அணிவகுப்பு என்றால் மாஜிஸ்திரேட் முன்னால், சாயல் ஒத்த பலரோடு நிறுத்திக் காட்டவேண்டும். முன்பே ஒரு முகத்தைக் காட்டிவிட்டால், மனசில் நிற்பது திருடன் முகமா போட்டோ முகமா என்று அந்தம்மாவுக்கே தெரியாது. போலீசிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது (பழைய சாட்சியச் சட்டம் 25, இப்போது பாரதிய சாட்சிய அதினியம் 23). ஆனால் உங்கள் அண்ணன் சொல்லித்தான் நகையை எடுத்தோம் என்று போலீஸ் காட்டினால் அந்தப் பகுதி மட்டும் செல்லும், அதனால் வெற்றுத்தாளில் கையெழுத்தே கூடாது.

பவானிக்காரன்:
என் மாமா காக்கி போட்டு ஓய்வு பெற்றவர். எப்படி விசாரிப்பது என்று எங்களை உட்காரவைத்து யாரும் சொல்லித்தரவில்லை, சீனியரைப் பார்த்துப் பழகியதுதான் என்பார். இவன்தான் என்று முடிவுகட்டிவிட்டுக் கேட்டால் மறுப்பதெல்லாம் நடிப்பாகத்தானே தெரியும்! இங்கிலாந்தில் குண்டுவெடிப்பு வழக்குகளில் தவறாகத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்டு நால்வர், பர்மிங்காம் அறுவர் எல்லாம் அப்படி ஒத்துக்கொள்ளவைத்த வாக்குமூலத்தால் பதினைந்து, பதினாறு வருடம் உள்ளே கிடந்து 1989-இலும் 1991-இலும்தான் வெளியே வந்தார்கள். அதற்கப்புறம் அங்கே பயிற்சியையே மாற்றினார்கள். ஆளைத் தடுக்காமல் பேசவிட்டு, சொன்னதை வெளியே போய்ச் சரிபார்க்கவேண்டும், பொய் சொல்லி மடக்கக்கூடாது. நம் ஏட்டுகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லித்தரவேண்டும்.

ஈரோடு வக்கீல்:
வாய்வார்த்தைக்குப் போகவேண்டாம், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதா 35(3)). வாட்ஸ்அப்பில் வந்தால் போதாது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷன் கேமராப் பதிவு கேட்டு இப்போதே மனுப் போடுங்கள், ஒலியோடு கேமரா இருக்கவேண்டும் என்பது 2020 டிசம்பர் தீர்ப்பு. சம்பவ நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தார்?

தறிக்குடோன்:
குடோனில்தாங்க, பாவு (தறிக்கான நூல்) இறக்கிக்கொண்டிருந்தார். நேரம் போட்ட சீட்டு இருக்கிறது, யாரும் கேட்கவே இல்லை. நாளைக்கே உங்களைப் பார்க்க வருகிறோம். அவர் இன்னும் பைக்கைத் தொடவில்லை, குடோனுக்கு நடந்தேதான் போகிறார்.