மறு: ‘கமிட் கன்ஃபர்ம்டு’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> தொலைவிலிருந்து ரூட்டர், சர்வர் அமைவை மாற்றும்போது, இணைப்பு அறுந்தால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறோமே (‘கமிட் கன்ஃபர்ம்டு’ போல), அதற்குத் ‘தற்காப்பு மறுதொடக்கம்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

‘தற்காப்பு’ இருக்கட்டும், ‘மறுதொடக்கம்’தான் இடிக்கிறது. அதன் தலையில் ஏற்கெனவே மூன்று வேலை. இயந்திரத்தையே ரீபூட் செய்வதும் மறுதொடக்கம், என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்வதும் மறுதொடக்கம், சேவையை நிறுத்தாமல் ரீலோட் செய்வதையும் சிலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஒலிபெயர்ப்பும் கைகொடுக்காது: என்ஜின்எக்ஸில் ரீலோட் என்றால் அமைவுக் கோப்பை மீண்டும் படிப்பது, சிஸ்கோ ரூட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் ரீலோட் என்றால் ரூட்டரே அணைந்து எழுவது. முதலாவதற்கு ‘மறுவாசிப்பு’ என்பேன். இலக்கிய விமர்சகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, இந்த ஏற்பாட்டில் எப்போதும் மறுதொடக்கம் நடப்பதில்லை. சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிட்டு அமைவை மாற்றுவோம். இணைப்பு போய்விட்டால், பத்தாம் நிமிடம் ரூட்டர் மறுதொடக்கமாகி, சேமித்த பழைய அமைவோடு வரும். மாற்றம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்தபிறகுதான் சேமிக்க வேண்டும். கைப்பழக்கத்தில் முன்பே ‘ரைட் மெமரி’ என்ற சேமிப்புக் கட்டளையை அடித்துவிட்டால், எழுந்து வரும்போதும் அதே தவறான அமைவுதான் வரும். ஜூனிப்பர் ரூட்டர்களில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கொடுத்தால் இயந்திரம் அணைவதே இல்லை. பத்து நிமிடத்துக்குள் இன்னொரு கமிட் (அமைவை நடைமுறைப்படுத்தும் கட்டளை) வராவிட்டால் அமைவு மட்டும் திரும்பிவிடும். லினக்ஸில் பிணைய அமைவுக்கான ‘நெட்பிளான் ட்ரை’யும் இதே வகை, 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி.

ஆக, எல்லாவற்றுக்கும் பொது இரண்டுதான்: ஒரு காலவரம்பு, உறுதி சொல்லாவிட்டால் மீட்சி. காலவரம்புக்கு நம்மிடம் ‘கெடு’ இருக்கிறது. ‘பத்து நிமிடக் கெடு வைத்து மாற்றினேன்’ என்றால் விளக்கம் தேவையில்லை. என் பரிந்துரை ‘கெடு மாற்றம்’.

—

> என் பரிந்துரை ‘கெடு மாற்றம்’.

வினைத்தொகையாகப் படித்துப் பாருங்கள்: கெட்ட, கெடுகிற, கெடும் மாற்றம்! பணியறிக்கையில் ‘இன்றிரவு 11 மணிக்குக் கெடு மாற்றம்’ என்று எழுதினால் மேலாளர் தொலைபேசியில் வந்துவிடுவார். ‘வாய்தா மாற்றம்’ என்றுகூட யோசித்தேன். அது முடியவே முடியாது என்று தோன்றும். பெயரில் மீட்சி வரட்டும்: ‘கெடுமீட்சி’யும் அதே குழியில் விழும் என்பதால் ‘காலக்கெடு மீட்சி’.

வகை பிரிப்பதும் அவசியம். லினக்ஸில் ‘ஷட்டவுன்’ கட்டளையால் மறுதொடக்கத்துக்கு நேரம் குறித்துவிட்டு மாற்றுகிறவர்கள் உண்டு. நினைவகத்தில் மட்டும் இருக்கும் மாற்றத்துக்குத்தான் அது உதவும். ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதியை நேரடிக் கட்டளையாகச் சேர்த்தது போல. கோப்பையே திருத்தியிருந்தால், மறுதொடக்கமான சர்வர் அந்தத் திருத்தத்தோடுதான் எழும். பழைய கோப்பை அதன் இடத்தில் வைக்கும் வேலையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

அதில் ஒரு பொறியும் உண்டு. சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள சர்வரில், அணைவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ‘நோலாகின்’ கோப்பு உருவாகிவிடும். நிர்வாகிக் கணக்கான ரூட் தவிர வேறு யாரும் புதிதாக நுழைய முடியாது. நீங்கள் ஐந்து நிமிடக் கெடு வைத்தால் கதவு உடனே அடைபடும். மாற்றம் சரியாகவே இருந்தாலும், புதிய எஸ்எஸ்எச் (தொலை நுழைவு) இணைப்பில் சோதிக்கப் போனால் ‘நுழைய முடியவில்லை’ என்று வரும். மாற்றம்தான் கெடுத்துவிட்டது என்று நினைப்பீர்கள். பதினைந்து நிமிடமாவது வையுங்கள், முதல் பத்துக்குள் சோதியுங்கள், பழைய அமர்வை மூடாதீர்கள். ரத்துசெய்ய அதுதான் வழி.

ஆகவே ‘மறுதொடக்க மீட்சி’, ‘அமைவு மீட்சி’ என இரண்டு உட்பிரிவு.

—

வினைத்தொகையைக் கவனிக்கவில்லை, ‘கெடு மாற்ற’த்தை விட்டுவிடுகிறேன். ‘காலக்கெடு மீட்சி’ பெயருக்குச் சரி. வினைக்கு மட்டும் ‘கெடு வைத்தல்’ இருக்கட்டும், அதில் ‘கெட்டுப்போதல்’ ஒலிக்கவில்லை. ரத்துசெய்வதைக் ‘கெடு நீக்கல்’ எனலாம். சொற்பட்டியலில் ‘மறுவாசிப்பு’க்கு எதிரே, சிஸ்கோ ரீலோட் இதில் சேராது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.