லயக் காம்பராவைக் கண்காட்சியில் கட்டலாமா?

பெரட்டுமணி:
இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் நினைவுகளுக்குக் கோத்தகிரியில் சின்னக் கண்காட்சி போடுகிறோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பமாக வாழ்ந்த வரிசை வீட்டு அறையான லயக் காம்பரா ஒன்றை 10க்கு 12 அடியில் அப்படியே கட்டலாம் என்பது என் யோசனை. தகரக் கூரை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, அடுப்பு, சுவரில் புகைக்கரி.

மூடுபனி:
வேண்டாங்க. 1968இல் இவர்களுக்காகத் தொடங்கின அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் வரிசை வீடுகள்தான். பார்க்கிறவருக்கு இலங்கை மலையகத்து அட்டனும் நம்ம கோத்தகிரியும் ஒன்றாகத் தெரியும், ‘ஐயோ பாவம்’ சொல்லிவிட்டுப் போவார். முதல் சுவரில் கணக்கை எழுதுங்கள்: தோட்டத் தமிழர்களைப் பிரித்துக்கொண்ட 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பக்கத்தில் பாஸ்போர்ட், குடும்ப அட்டை. இலங்கையிலேயே பிறந்தவரை ‘திரும்பியோர்’ என்று எப்படிச் சொன்னார்கள் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றும்.

பெரட்டுமணி:
வெறும் காகிதம் என்றால் தாலுகா ஆபீஸ் மாதிரி ஆகிவிடுமே. தோட்டங்களில் ஆடின காமன் கூத்தும் தப்புப் பறைச் சத்தமும் எங்கே?

மூடுபனி:
ஒலியாக வையுங்கள், ஆனால் மழை மாதங்களில் தகரத்துக்கு அடியில் பதியாதீர்கள், மழை பாட்டை முழுங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரி சரி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. பாடுகிறவர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒரு மைக், தப்புக்குத் தனி மைக், 6 அடி தள்ளி. இரண்டையும் ஒரே மைக்கில் எடுத்தால் குரல் அமுங்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. பாடுகிற பாட்டி ஒரு வரியை மறந்தால் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

கொழுந்துக்கூடை:
காகிதம் பற்றி ஒன்று. லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மையும் சேர்ந்து வரும். 600 டிபிஐயில் இரு பக்கமும் ஸ்கேன் செய்து, அசலை அன்றே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நகலை மாட்டுங்கள். அசலே வேண்டுமென்றால் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வையுங்கள். இந்த ஈரத்தில் ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

பெரட்டுமணி:
சரி, முழுக் காம்பரா வேண்டாம். தரையில் சுண்ணாம்பால் 10க்கு 12 கோடு மட்டும்?

மூடுபனி:
அது நல்லாருக்கு. ஆனால் ‘இஸ்தோப்பு’, ‘பெரட்டு’ என்று வருகிற இடத்திலெல்லாம் அடைப்புக்குறி போட்டு விளக்காதீர்கள்.

கொழுந்துக்கூடை:
ஊட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரட்டு என்றால் என்ன தெரியும்? ‘காலையில் ஆளெடுப்பு’ என்று ஒரு தடவையாவது சொல்லியே ஆகணும்.

மூடுபனி:
பாட்டிகள் வந்து உட்காருவார்கள் இல்லையா, அவர்களிடம் கேட்கட்டும்.