ஹெர்மிட் கிராப் தொட்டிக்கு என்ன மண் போடறது? பியர்டட் டிராகன் கலவை ஒத்து வருமா?

தெம்பனீஸ்_மாறா:
வணக்கம் எல்லாருக்கும். பையன் யூடியூப்ல பியர்டட் டிராகன்ங்கற ஓணான பாத்து பாத்து அதுதான் வேணும்னு ஒரே அடம். இங்க சிங்கப்பூர்ல அத வளர்க்கவே கூடாதுடா, என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) வீட்ல வச்சுக்க விடற ஊர்வன ரெண்டே ரெண்டு ஆமைதான், ரெட் இயர்ட் ஸ்லைடர், மலாயன் பாக்ஸ் டர்ட்டில்னு சொல்லி சொல்லி கடைசில ஹெர்மிட் கிராப்ல, அதான் காலி சங்குக்குள்ள வாழற நண்டுல, வந்து நிக்குது. தொட்டி வாங்கியாச்சு, 60க்கு 30 சென்டிமீட்டர், நண்டு இன்னும் வாங்கல. குழப்பம் மண்ணுலதான். கடையில கலர் கலரா சின்னக் கல்லு தர்றாங்க, இல்லன்னா கால்சியம் சாண்டுன்னு ஒரு பாக்கெட். பையன் பாத்த வீடியோல அந்த டிராகனுக்கு தோட்ட மண்ணு மணலு களிமண்ணு எல்லாம் கலந்து தண்ணி ஊத்தி காயவச்சு கெட்டியா அசல் பாலைவனமே செஞ்சிட்டாங்க, பாக்க அவ்வளவு அழகு. அதையே நண்டுக்கும் செய்யலாமா? ஏர்கான் ரூம்லதான் வைக்கப்போறோம்.

நண்டுக்காரி:
செய்யாதீங்க. காஞ்சு கெட்டியான மண்ணு டிராகனுக்கு சொகம், நண்டுக்கு சாவு. ஹெர்மிட் கிராப் தரையில நடந்தாலும் மூச்சு விடறது செவுள்லதான், காத்துல ஈரம் வேணும், 70 சதவீதத்துக்குக் கீழ எறங்கினா கஷ்டம், 80 கிட்ட இருந்தா நல்லது. அதவிட முக்கியம் அது தோல் உரிக்கிறது மண்ணுக்குள்ள போய்தான். குழி தோண்டி உள்ள ஒரு அறை மாதிரி செஞ்சுகிட்டு அங்கயே பழைய தோல கழட்டி அதையே தின்னு புது தோல் கெட்டியானப்புறம்தான் மேல வரும். அந்த அறை இடிஞ்சு விழாம நிக்கணும், அதுக்குத்தான் மண்ணே, அழகுக்கு இல்ல. கலர் கல்லுல குழி நிக்காது. கால்சியம் சாண்ட் ஈரம் பட்டா கட்டி கட்டியா இறுகிடும், ரெண்டையும் கடையிலயே விட்டுட்டு வாங்க.

நான் போடறது 5 பங்கு பிளே சாண்ட் (பசங்க விளையாடற சுத்தமான மணல்), 1 பங்கு தேங்கா நாரு தூள். நாரு தூள் நர்சரியில கட்டியா கிடைக்கும், உரம் சேக்காததான்னு பாத்து வாங்குங்க. பதம் எப்படின்னா புட்டு மாவு மாதிரி, கைல புடிச்சா புடிபடணும், அதுல விரல விட்டு ஒரு ஓட்டை போட்டா ஓட்டை அப்படியே நிக்கணும், ஆனா பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது. ஆழம் கொறஞ்சது 15 சென்டிமீட்டர், பெரிய நண்டுன்னா அது உயரத்துக்கு மூணு மடங்கு.

பெர்த்_பக்கம்:
யீஷூன்லேந்து இங்க ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்கு வந்தவன், லைசன்ஸ் எடுத்து ஒரு பியர்டட் டிராகன் வச்சிருக்கேன், அதனால அந்த வீடியோ கலவை ஏன் அப்படின்னு சொல்றேன். அதோட சொந்த ஊரு ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட பூமி, அங்க தரை இறுகின செம்மண்ணு களிமண்ணுதான், பொலபொலன்னு மணல்மேடு இல்ல. அதான் 60-40னு தோட்ட மண்ணும் மணலும் கலந்து இறுக்கி காய வைக்கிறோம், நகமும் தேயும், தோண்டவும் செய்யும். வெறும் மணல் போட்டா வயித்துல அடைச்சுக்கும்னு பயமுறுத்துவாங்க, அதுல பாதி உண்மை. சூடு பத்தாம, யூவிபி லைட்டு (வெயில் மாதிரி புற ஊதாக்கதிர் தர்ற விளக்கு) இல்லாம, தண்ணி கொறைவா இருக்கற டிராகனுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். கால்சியம் சாண்ட் மட்டும் அதுக்கும் வேணாம், ஜீரணமாகும்னு பாக்கெட்ல போட்டு விக்கிறாங்க, நான் நம்பமாட்டேன். மத்தபடி அக்கா சொன்னதுதான் சரி, ஒண்ணு வறண்ட நாடு ஒண்ணு கடற்கரை, மண்ணும் அப்படித்தான்.

சிராங்கூன்_சிவா:
எதுக்குங்க இவ்வளவு மணலு? வெறும் நாரு தூள் மட்டும் போட்டா போதும், வெயிட்டும் இல்ல, சுத்தம் பண்றதும் ஈசி.

நண்டுக்காரி:
சின்ன நண்டுக்கு சமாளிக்கலாம் சிவா, ஆனா நாரு தூள் மேல காஞ்சுடும் அடியில பூஞ்சை புடிக்கும், பெருசு உள்ள போனா குழி அமுங்கிடும். வெயிட்டு பத்தி சொன்னது மட்டும் நியாயம்தான்.

தெம்பனீஸ்_மாறா:
ரொம்ப நன்றி அக்கா. இன்னும் ரெண்டு சந்தேகம். கலக்கறதுக்கு பைப் தண்ணி ஓகேவா, ராத்திரி பூரா வாளில வச்சிட்டா குளோரின் போயிடும்ல? அப்புறம் ஈஸ்ட் கோஸ்ட் பீச் மணல் கொஞ்சம் அள்ளிட்டு வந்தா ஆகாதா, அதுவும் கடல் மணல்தானே.

நண்டுக்காரி:
வாளி கதை இங்க நடக்காது. பியூபி (தண்ணி வாரியம்) பைப் தண்ணில குளோரமின் போடறாங்க, அது குளோரின் மாதிரி சும்மா வச்சா போகாது. மீன் கடையில ஆன்ட்டி குளோரின் கிடைக்கும், சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் போனா எல்லா கடையிலயும் இருக்கு, அத தண்ணில ஊத்திட்டு அப்புறம் மண்ண கலக்குங்க. தொட்டிக்குள்ள ரெண்டு கிண்ணம் வேணும், ஒண்ணு நல்ல தண்ணி, ஒண்ணு உப்புத் தண்ணி, உப்பு மீன் தொட்டிக்கு விக்கற கடல் உப்பு, சமையல் உப்பு இல்ல. கிண்ணத்துலேந்து ஏற எறங்க ஒரு கல்லு வைங்க.

பீச் மணல் வேணாம், அதுல என்ன புழு, என்ன எண்ணெய் இருக்கோ. அதோட பையன் அங்க ஒரு நண்டப் பாத்தா புடிச்சுட்டும் வந்துடுவான். கடையில விக்கறதே பெரும்பாலும் கடற்கரையில புடிச்சதுதான், குஞ்சு பொரிச்சு வளர்க்கறது ரொம்ப அபூர்வம், நல்லா பாத்துகிட்டா இருவது வருஷத்துக்கு மேல கூட இருக்கும், அத யோசிச்சு வாங்குங்க.

ஏர்கான் ரூம் வேணாம்னுதான் சொல்வேன். நம்ம ஊரு காத்துல இயல்பாவே 80க்கு மேல ஈரம் இருக்கு, ஏர்கான் அத உறிஞ்சிடும். ஹால்ல வைங்க, கண்ணாடி மூடி போடுங்க, வெயில் நேரா அடிக்கற ஜன்னல் பக்கம் மட்டும் வைக்காதீங்க. அழுகின முட்டை வாடை வந்தா அடியில தண்ணி தேங்கிடுச்சுன்னு அர்த்தம், மண்ணு மாத்தணும், ஆனா யாரும் உள்ள தோல் உரிச்சுட்டு இல்லயான்னு மொதல்ல பாத்துக்கணும். உள்ள போன நண்டு சின்னதுன்னா சில வாரம், பெருசுன்னா ரெண்டு மாசத்துக்கு மேல கூட வராது, செத்துடுச்சோன்னு தோண்டிப் பாத்தீங்கன்னா அப்பதான் சாகும். பையன்கிட்ட இத இப்பவே சொல்லி வைங்க.

பெர்த்_பக்கம்:
மாறா, உங்க தொட்டிக்கு 15 சென்டிமீட்டர்னா 27 லிட்டர் மண்ணு, ஈர மணல்னா 40 கிலோவுக்கு மேல வரும். பையன் படிக்கிற மேசை மேல வச்சுடாதீங்க.

தெம்பனீஸ்_மாறா:
ஐயோ, அங்கதான் வைக்கறதா இருந்தோம். அப்ப ஹால்ல டிவி கேபினெட் பக்கத்துல தரையிலயே வச்சிடறோம்.